கேட்டால் மட்டும் சொல்லும் பெட்டி

1

இந்தக் கதை றிஸ்லான் சிரித்த சிரிப்பில் பிறந்தது. இயந்திரம் திருத்த வந்தவர், ஐஸ் பெக்டரியின் ஈரமான சீமெந்து நிலத்தில் குந்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரித்தார். அவர் சிரித்தது கண்ணகை அக்கா இயந்திரத் திரையில் வைத்த ஒரு சந்தனப் பொட்டைப் பார்த்து. பக்கத்தில் அக்கா நின்றாள். அவளுடைய வேலை போகும்போல இருந்த நேரம் அது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கே எழுதத் தொடங்கினேன். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. றிஸ்லானை விட்டுவிட்டு இப்போது கதையின்மேல் திரும்பியிருக்கிறது.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

கல்லடிக் கடல் அன்று காலை வழமைக்கு மாறாக உள்வாங்கி

நிறுத்திவிட்டேன். எங்கள் பக்கத்துக் கதை என்றால் முதல் வரியில் கடல் வரவேண்டும், அடுத்த பக்கத்தில் துவக்கு வெடிக்கும் சத்தம் கேட்கவேண்டும் என்று யார் சட்டம் போட்டது? கடல் வந்தது. எங்கள் பள்ளிக்கூடத்தில் பாதியைக் கொண்டுபோனது. மிச்சப் பாதியில் வீடில்லாத சனம் இருந்தது. சனம் போனபிறகு மற்றப் பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்பினார்கள், நான் திரும்பவில்லை. சண்டையும் முடிந்துவிட்டது. சொல்லியாயிற்று. இனி ஐஸைப் பற்றிப் பேசலாமா?

2

ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். நிறையப் பேர் இல்லை.

அப்துல் கபூர் மொதலாளி காத்தான்குடிக்காரர். பழைய ஐஸ் பெக்டரியைக் கடல் கொண்டுபோன இடத்திலேயே, சண்டை முடிந்து பாதை திறந்ததும், கொழும்புக் கொம்பனி ஒன்றிடம் புதிய இயந்திரம் வாங்கிப் பூட்டியவர். றிஸ்லான் அந்தக் கொம்பனிக்காக எங்கள் பக்கத்தில் திருத்த வேலை செய்கிறவர். நான் ஐஸ் உறையவைக்கும் தகரப் பெட்டிகளைக் கழுவுகிறவள். கண்ணகை அக்காவைத் தவிர யாரோடும் பேசமாட்டேன். அதனால் நான் நிற்பதை மறந்து எல்லோரும் எல்லாவற்றையும் எனக்கு முன்னாலேயே பேசுவார்கள்.

கண்ணகை அக்கா இயந்திரத் திரைக்கு முன்னால் கதிரையில் இருப்பவள். அந்தக் கதிரை போனால் அவளுக்குக் குவைத்தில் வீட்டுவேலைதான். கடவுச்சீட்டு ஏற்கெனவே புளியந்தீவில் ஒரு ஏஜென்சிக்காரனின் மேசை லாச்சியில் கிடக்கிறது. அவளுக்குப் போக விருப்பமில்லை. வாகரைப் பக்கம் சண்டை நடந்த நாட்களில் நெல் ஏற்றப் போன லொறியோடு அவளுடைய புருசன் காணாமல் போனார். அவர் வந்து கதவைத் தட்டினால் உள்ளே ஆள் இருக்கவேண்டும் என்பது அவளுடைய கணக்கு.*

இந்தப் பாத்திரத்தை எனக்குப் பிடிக்கவில்லை. உண்மையான கண்ணகை அக்காவை நிறையப் பிடிக்கும். எழுதிய கண்ணகை அக்காதான் கதையை நகர விடுகிறாள் இல்லை. அழச் சொன்னால் அழமாட்டாள். கத்தச் சொன்னால் தேத்தண்ணி குடிப்பாள்.

* அரசாங்கக் கச்சேரியில் போய் எழுதிக் கொடுத்தால் மரணச் சான்றிதழ் தருவார்களாம். அவள் போகவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை. இந்தக் குறிப்பு தேவையா என்றும் தெரியவில்லை.

3

இனி நீங்கள் கொட்டாவி விடக்கூடிய பகுதி. இதைத் தாண்டிப் போனால் பின்னால் ஒன்றும் விளங்காது. தாண்டாதீர்கள்.

முதலில் இப்படி எழுதினேன்:

இயக்குபவரின் கட்டளையை முனையமானது மையக் கட்டுப்படுத்திக்கு அனுப்ப, அது உரிய தரவுகளைப்

இது யாருடைய தமிழ்? இதை எழுதியவள் நான்தானா? வெட்டு.

எங்கள் பெக்டரியில் இரண்டு சாமான் இருக்கிறது. ஒன்று திரை. அது கண்ணகை அக்காவின் கதிரைக்கு முன்னால், கண்ணாடி அறைக்குள். தொட்டால் வேலை செய்யும். மற்றது பெட்டி. அது அலுமாரிக்குள், வயர்களுக்கு நடுவில் இருக்கும். கொன்ட்ரோலர் என்பார்கள். மோட்டரை ஓட்டுவது, நிறுத்துவது, தகரப் பெட்டிகள் அமிழ்ந்திருக்கும் உப்புத்தண்ணீர்த் தொட்டியின் குளிரை அளப்பது எல்லாம் பெட்டி. திரைக்குத் தானாக ஒன்றுமே தெரியாது. பெட்டிக்குள் ஒவ்வொரு கணக்கையும் குறித்துவைக்க நம்பர் போட்ட அறைகள் இருக்கின்றன. திரைக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு வயர். அந்த வயரில் நாள் முழுக்க நடக்கும் பேச்சு இதுதான்:

திரை: ஒன்றாம் நம்பர், நாற்பதாவது அறையில் என்ன இருக்கிறது?
பெட்டி: மைனஸ் பத்து.
திரை: ஒன்றாம் நம்பர், நாற்பத்தோராவது அறையில்?
பெட்டி: முதலாம் மோட்டர் ஓடுகிறது.
திரை: ஒன்றாம் நம்பர், நாற்பதாவது அறையில் என்ன இருக்கிறது?

ஓம், திரும்பவும் அதே கேள்வி. கண் இமைப்பதற்குள் பல தரம். இரண்டும் ஒரே வேகத்தில் பேசவேண்டும், ஒரே முறையில் பேசவேண்டும். ஒன்றாம் நம்பர் என்பது பெட்டியின் பெயர். அது பிழையானால் பெட்டி காதில் விழுந்தும் வாய் திறக்காது, கூப்பிட்டது என்னை இல்லை என்று இருந்துவிடும்.

பொத்தானும் அப்படித்தான். அக்கா திரையில் 'ஓடு' என்பதைத் தொட்டால் மோட்டர் ஓடிவிடும் என்று நீங்கள் நினைப்பீர்கள். இல்லை. ஓடச் சொல்கிறார்கள் என்று திரை ஓர் அறைக்குள் குறித்துவிட்டு வரும். பெட்டி தன் முறைக்குப் பார்க்கும். கரண்ட் போதுமா, தண்ணீர் வருகிறதா என்று சரிபார்க்கும். மனம் வந்தால் ஓட்டும். [கச்சேரி வாசலில் நின்றவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. — இந்த வரியை வெட்டினேன். திரும்ப எழுதினேன். கிடக்கட்டும்.]

முக்கியமானது இது. எங்கள் பெட்டி தானாகப் பேசாது. மோட்டர் நின்றாலும் தன் அறையில் 'நின்றுவிட்டது' என்று குறித்துவைத்துக்கொண்டு சும்மா இருக்கும். கேட்டால் மட்டும் சொல்லும்.

அதைவிட முக்கியமானது இன்னொன்று. வயர் கழன்றுவிட்டால் திரை என்ன செய்யும்? இருட்டிப் போகாது. கடைசியாக வந்த பதிலையே காட்டிக்கொண்டிருக்கும். மைனஸ் பத்து. மைனஸ் பத்து. மேல் மூலையில் ஒரு சின்னப் பச்சைப் புள்ளி மட்டும் சிவப்பாக மாறும். இந்த இலக்கங்களை நம்பாதே என்று சொல்வது அந்தப் புள்ளி ஒன்றுதான்.

4

போன வருட ஆயுத பூசைக்கு அக்கா திரைக்கு நட்ட நடுவில் பொட்டு வைத்தாள். அந்த இடத்தில் 'நிறுத்து' இருந்தது. பூசை நடக்க நடக்க மோட்டர் இரண்டும் நின்றன. கற்பூரத் தட்டோடு எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

ஆகவே இந்த வருடம் மொதலாளி முன்கூட்டியே வந்து நின்றார்.

"என்னகா கண்ணகை, போன வருசம் பொட்டு வெச்சு மெசினையே நிப்பாட்டினாய். இந்த முறை எங்க வெக்கப் போறாய்?"

"மூலைல வெக்கிறன் மொதலாளி. அதுல தொட்டா ஒண்டும் நடக்கிறல்ல. நேத்தே தொட்டுப் பாத்திட்டன்."

"அப்ப நல்லாப் பெரிசா வெய். மெசின் ஓடினாச் சரி எனக்கு. அவல் கடலைல என்ட பங்க மறந்திராத."

அக்கா பெரிதாக வைத்தாள். சந்தனம், அதன்மேல் குங்குமம். தொட்டால் ஒன்றும் நடக்காத அந்த மூலையில்தான் புள்ளி இருந்தது. புள்ளி தொடுவதற்கு இல்லை, பார்ப்பதற்கு.

இதற்குக் கொஞ்சம் முந்தி, நோன்பு மாதத்தில், றிஸ்லான் திரைக்கும் பெட்டிக்கும் நடுவிலிருந்த வயரை மாற்ற வந்திருந்தார். அப்போதும் மொதலாளிதான் கதவடியில்.

"மகன், பாங்கு சொல்லப் போறாங்க. வா, நோன்பு திறப்பம்."

"பிளக்குக்கு ரெண்டு சின்ன ஸ்குரூ மட்டும் பூட்ட இரிக்கி மொதலாளி."

"ஸ்குரூ எங்கயும் ஓடிப் போகாது. கஞ்சி ஆறிப் போகும்."

ஸ்குரூ பூட்டாத பிளக் மோட்டரின் அதிர்வில் மெல்ல மெல்லக் கழன்றுகொண்டு வந்தது.

ஒரு பக்கம் பொட்டு, ஒரு பக்கம் கஞ்சி. தராசில் வைத்ததுபோல இருக்கிறது என்று நீங்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. எனக்கும் பிடிக்கவில்லை. ஒன்றை மாற்றிப் பார்த்தேன். வயரை எலி கடித்ததாக எழுதினேன். எலியை யாரும் வேலையைவிட்டு நிறுத்தமாட்டார்கள். கதை செத்துவிட்டது. எலியை வெட்டிவிட்டேன்.

5

பூசைக்குப் பிறகு ஒருநாள் கரண்ட் குறைந்தது. பெட்டி, மோட்டர் எரிந்துவிடக்கூடாது என்று ஒன்றை நிறுத்தியது. மற்றது ஓடியது. ஒன்று நின்றால் மற்றது இரண்டுபேரின் சத்தத்தையும் சேர்த்துப் போடும், காதுக்கு வித்தியாசம் தெரியாது. 'ஒன்று நின்றுவிட்டது, வந்து பார்' என்று பெட்டி தன் அறையில் குறித்துவைத்துக் காத்திருந்தது. கேட்க வேண்டிய திரையின் பிளக் கழன்றுபோய்த் தொங்கிக்கொண்டிருந்தது. திரை மைனஸ் பத்து என்றது. அக்கா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்ப்பதுதான் அவளுடைய வேலை, அதைச் சரியாகத்தான் செய்தாள்.

[தொட்டியில் ஒரு சாதாரண வெப்பமானி இருந்திருந்தால்? இருந்தது. திரை வந்ததும் இனி அது என்னத்துக்கு என்று மொதலாளி கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். வீட்டில் அவர் எதை அளக்கிறார் என்று என்னைக் கேட்காதீர்கள்.]

தகரப் பெட்டிகளைத் தூக்கிக் கவிழ்த்தபோது ஐஸ்கட்டி விழவில்லை. மெல்லிய ஐஸ் ஓட்டுக்குள் இருந்து தண்ணீர் கொட்டியது. வாசலில் படகுக்காரர்கள். இரண்டு படகு வைத்திருக்கும் வினாயகமூர்த்தியின் சத்தம் கல்லடிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும்.

"ஐஸா இது? குடிக்கத் தண்ணியா கேட்ட நாங்க? என்ட கீரி மீன் முழுக்கக் கருவாட்டுக்குப் போகுது!"

"கத்தாதயும் காணும். பாப்பம்," என்றார் மொதலாளி.

"என்னத்தப் பாக்கிற? உங்கட ஆள்தான் நாள் முழுக்கப் பாத்துக்கொண்டு இருந்தவவாமே, நாடகம் பாக்கிற மாதிரி! அந்தப் பொம்பிளைய எழுப்பிப்போட்டு ஒரு ஆம்பிளய இருத்துங்க. இல்லாட்டி நாங்க வாழைச்சேனைல ஐஸ் எடுக்கம்."

இங்கே அக்கா ஏதாவது சொல்லவேண்டும். எழுதிப் பார்த்தேன்:

அவள் கண்களில் தீப்பொறி

இல்லை. சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு நின்ற வினாயகமூர்த்தியைப் பார்த்து அவள், "அண்ண, மீனுக்கு உப்பாவது போட்டிட்டு வந்து கத்துங்க, இதுக்குள்ள இன்னும் கெட்டிரும்," என்றாள். அவர் அதற்கும் கத்தினார். ஆனால் கத்திக்கொண்டே உப்பு எடுக்கப் போனார்.

6

றிஸ்லான் வந்தார். பொட்டைச் சுரண்டினார். அடியில் சிவப்புப் புள்ளி. அப்போதுதான் அந்தச் சிரிப்பு.

"அக்கா, மெசினுக்கு நெத்திக்கண் எங்க இரிக்கெண்டு பாத்து, அதையே மூடியிரிக்கிங்க!"

பிறகு வயரைப் பிடித்துக்கொண்டு அலுமாரிக்குள் போனார். சிரிப்பு நின்றது. கையில் பிளக்கோடு வெளியே வந்தபோது அவருடைய முகம் தகரம்போல இருந்தது. பிளக்கின் இரண்டு ஸ்குரூவும் பூட்டாமல் ஆடிக்கொண்டிருந்தன.

கொழும்பிலிருந்து கொம்பனி இன்ஜினியர் வந்து காரணம் எழுதவேண்டும். பிளக்தான் காரணம் என்று எழுதினால் நட்டத்தைக் கொம்பனி ஏற்கும், றிஸ்லானைக் கைகழுவும். பொட்டுதான் காரணம் என்று எழுதினால் கொம்பனி ஒன்றும் தராது. நட்டம் மொதலாளிக்கு, குவைத் கண்ணகை அக்காவுக்கு.

கஞ்சியைப் பற்றியும், பெரிசா வெய் என்றதைப் பற்றியும் யாரும் பேசவில்லை. மொதலாளி தொப்பியைக் கழற்றி, தலையைத் தடவி, திரும்பப் போட்டுக்கொண்டார்.

7

இன்ஜினியர் வந்த காட்சியை நான் எழுதிக் கிழித்த விதங்கள்:

அக்கா வாயே திறக்கவில்லை. றிஸ்லான் மாட்டிக்கொண்டார். அக்கா கதிரையில் இருந்தாள். அந்த அக்காவை எனக்கு முகம் பார்க்க ஏலவில்லை. கிழித்தேன்.

றிஸ்லான் 'பிழை என்னுடையது' என்றார், அக்கா 'இல்லை, என்னுடையது' என்றாள், இருவரும் மாறி மாறி. மொதலாளியின் கண் கலங்கியது. தூ. கிழித்தேன்.

இன்ஜினியருக்குத் தமிழ் தெரிந்திருந்தது. இது ஒன்றே போதும், எல்லாம் தீர்ந்துவிடும். அதனால்தான் கிழித்தேன்.

நடந்தது இது. இன்ஜினியர் சிங்களத்தில் நீளமாகக் கேட்டார். மொதலாளி திரும்பி, "எப்பிடி நடந்ததெண்டு கேக்கார்," என்றார்.

அக்கா கதிரையிலிருந்து எழும்பி நின்றாள்.

"மூலைல பொட்டு வெச்சது நான்தான். சிவப்பு வந்தத நான் காணல்ல. பிளக்குக்கு ஸ்குரூ பூட்டாம விட்டதும் உள்ளதுதான். ரெண்டையும் சொல்லுங்க மொதலாளி. ஒண்டச் சொல்லி ஒண்ட மறைக்காதீங்க."

உங்களுக்கு விளங்குகிறதா என் எரிச்சல்? சும்மா இருந்தால் போதும். பொட்டு துடைத்தாயிற்று. பிளக் காரணமென்றால் மொதலாளிக்கும் நட்டமில்லை, அவளுக்கும் கதிரை. எல்லாவற்றையும் நான் ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தேன். அவள் எழும்பி நின்று எல்லாவற்றையும் கலைத்தாள்.

மொதலாளி அவளைப் பார்த்தார். றிஸ்லானைப் பார்த்தார். பிறகு இன்ஜினியரிடம் சிங்களத்தில் ஒரு வசனம் சொன்னார். ஒரே வசனம். அக்கா சொன்னதைவிடக் குறைவு.

என்னுடைய சிங்களம், அடையாள அட்டையை எடு என்றால் எடுக்குமளவு. அது என்ன வசனம் என்று எனக்குத் தெரியாது. அந்த வசனத்துக்காக இவ்வளவு இடம் விட்டு வைக்கிறேன்:

[                                                          ]

இன்ஜினியர் தலையாட்டினார். எதையோ எழுதினார். தேத்தண்ணி குடித்தார். போனார்.

8

'அப்படியானால் யாரையாவது கேட்டிருக்கலாமே' என்கிறீர்கள். கேட்டேன். நான், ஆண்களோடு பேசாதவள், அலுமாரிக்கு முன்னால் குந்தியிருந்து ஸ்குரூ பூட்டிக்கொண்டிருந்த றிஸ்லானிடம் போய்க் கேட்டேன்.

"மொதலாளி என்ன சொன்னவர்?"

அவர் நிமிரவில்லை. "அத அவரிட்டக் கேளுங்க, தங்கச்சி."

அவருக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். அவர் முகம் வெளிறியிருந்ததா, தெளிந்திருந்ததா என்று பார்த்திருக்கவேண்டும். எழுதுகிறவள் அதைத்தானே பார்க்கவேண்டும்? நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிளக்கை மட்டும் நன்றாகப் பார்த்தேன். இரண்டு ஸ்குரூவும் இறுகியிருந்தன.

9

இன்றைக்கும் கண்ணகை அக்கா வந்தாள். கதிரையில் இருந்தாள். திரைக்கும் பெட்டிக்கும் பேச்சு நடக்கிறது, மூலையில் பச்சை. ஐஸ்கட்டிகள் கல்லுப்போல் விழுகின்றன. வினாயகமூர்த்தி வாழைச்சேனைக்குப் போகவில்லை. வந்து ஐஸ் ஏற்றிக்கொண்டே, "இன்னும் இருக்காவா அவ?" என்று வாசலில் நின்று கேட்டார். கேட்டது அக்காவுக்கும் கேட்டது.

மொதலாளி கண்ணாடி அறையைத் தாண்டி வருகிறார், போகிறார். கொம்பனியிலிருந்து பதில் வந்ததா, வேறு ஆள் பார்த்துவிட்டாரா, இந்தக் கதிரை யாருக்கு, ஒன்றும் சொல்வதில்லை. ஏஜென்சிக்காரனின் லாச்சியில் கடவுச்சீட்டு அப்படியே கிடக்கிறது.

எனக்குப் பொறுக்கவில்லை. கழுவிய தகரப் பெட்டியோடு கண்ணாடி அறைக்குள் போனேன்.

"அக்கா, போய்க் கேளுங்களேன். இருக்கிறதா, போறதா எண்டு ஒருக்காக் கேட்டா முடிஞ்சிரும்."

"முடிஞ்சிரும்தான் புள்ள."

"அப்ப என்னத்துக்குப் பாத்துக்கொண்டு இருக்கிங்க?"

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இலக்கத்தைப் பார்த்தாள். மூலையைப் பார்த்தாள். பிறகு எனக்கு இடம் விடுவதுபோலக் கதிரையைக் கொஞ்சம் நகர்த்தினாள்.

"நான் கேக்காத மட்டும், இஞ்சதானே இருக்கன்."

நான் மூன்றாம் பகுதி முழுக்கத் தொண்டை கிழியச் சொன்னது என்ன? கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும் என்பதுதானே? கேட்காமல் இருந்துதானே ஐஸ் எல்லாம் தண்ணீராகியது? அதை இவளுக்கு எப்படிச் சொல்வது? சொன்னால் சிரிப்பாள். அவளுக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும்.

உங்களுக்கு முடிவு வேண்டும். தெரிகிறது. மொதலாளியின் அறைக் கதவு திறந்துதான் இருக்கிறது. கேட்டால் சொல்லக்கூடிய மனிதர். நீங்கள் போய்க் கேட்கலாம், நான் மறிக்கமாட்டேன். அந்த அறைக்குக் கண்ணாடி அறையைத் தாண்டித்தான் போகவேண்டும். அப்போது அவள் திரும்பிப் பார்ப்பாள். எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் அவளுக்கு என்ன சொல்வீர்கள் என்பதை மட்டும் யோசித்துக்கொண்டு போங்கள்.

எனக்குக் கழுவ இன்னும் தகரப் பெட்டிகள் கிடக்கின்றன.